நடுவீட்டு வெளிச்சம்

பழைய நகர வீடு ஒன்றைப் பாதுகாக்கிறோம் என்றால் அதில் எதைப் பாதுகாக்கிறோம்? பெரும்பாலான ஊர்களில் நடைமுறை சொல்லும் பதில் ஒன்றுதான்: தெருவில் நின்று பார்த்தால் தெரிவதை. வாசற்கதவு, சன்னல்கள், பால்கனி, சுண்ணாம்புப் பூவேலை, மிஞ்சிப்போனால் கூரை. அதற்குப் பின்னால் என்ன நடந்தாலும் அது உரிமையாளரின் விருப்பம். இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதியானது. தெருவின் தோற்றம் கெடவில்லை என்று நகராட்சி நிம்மதி அடையலாம். உள்ளே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று உரிமையாளரும் நிம்மதி அடையலாம். இந்த வசதியை மறுப்பதற்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் நெருக்க, முன்னால் தெரு, பின்னால் தோட்டம் என்று நிற்கும் நகர வீட்டில், கட்டியவரின் அறிவில் பெரும்பகுதி செலவானது உள்ளேதான், அதிலும் நடுவில். அந்த நடுவை இழந்த வீட்டை, முகப்பு எவ்வளவு அழகாக நின்றாலும், பாதுகாக்கப்பட்ட வீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதற்கு நான் அழைக்கும் சாட்சி பிரஸ்ஸல்ஸ். விக்டர் ஹோர்ட்டா என்ற கட்டடக் கலைஞர் அந்த நகரில் கட்டிய நான்கு வீடுகளை யுனெஸ்கோ 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே ஹோர்ட்டாவின் வேறு சில பெரிய கட்டடங்களை அதே நகரம் இடித்துத் தள்ளியது. ஒரே கையின் வேலையில் காத்ததையும் இழந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோட இவ்வளவு தோதான ஊர் கிடைப்பது அரிது.

முதலில் அந்த ஊர் வீடு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் வேகமாக விரிந்தபோது மனைகளை ஒடுக்கமாகவும் நீளமாகவும் வெட்டினார்கள். தெருப்பக்கம் ஆறேழு மீட்டர் அகலம். உள்ளே ஆழமாக ஓடும் நீளம். அந்த மனையில் எழுந்த நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களின் வீடுகள் கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருந்தன. ஓர் ஓரமாக நடையும் படிக்கட்டும். மறுபக்கம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். முன்னறைக்குத் தெரு வெளிச்சம், பின்னறைக்குத் தோட்டத்து வெளிச்சம். நடுவில் மாட்டிக்கொண்ட அறைக்கு நேராக எந்த வெளிச்சமும் இல்லை. முன்னறையும் பின்னறையும் விட்டுக்கொடுத்த மிச்சம்தான் அதற்கு. ஆண்டின் பாதி நாள் வானம் மூடிக் கிடக்கும் ஊரில் அந்த நடு அறை பட்டப்பகலிலும் விளக்கைக் கேட்டது. இந்தச் சிக்கல் நமக்கு அந்நியமானதல்ல. நம் அக்கிரகாரத்து வீடுகளும் ஒட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி நீண்டு கிடப்பவைதாம். அங்கே நடுவில் முற்றத்தைத் திறந்துவிட்டு வெயிலையும் மழையையும் வீட்டுக்குள் இறக்கிக்கொண்டார்கள். பெல்ஜியத்துக் குளிரில் கூரையைத் திறந்து வைக்க முடியாது. கண்ணாடியும் இரும்பும் மலிவாகவும் பெரிய அளவிலும் கிடைக்கும்வரை அந்த நடு அறை இருட்டிலேயே இருந்தது.

1893-இல் எமில் தாசெல் என்ற பேராசிரியர் ஹோர்ட்டாவிடம் வீடு கட்டித்தரக் கேட்டார். பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் வரைகணிதம் கற்பித்தவர் அவர். ஹோர்ட்டாவுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. கென்ட் நகரில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர்; அரச மாளிகைக்காக லாக்கன் பசுமைக்குடில்களை வடிவமைத்த அல்ஃபோன்ஸ் பலாட்டிடம் வேலை கற்றவர். அந்தப் பசுமைக்குடில்கள் இரும்பும் கண்ணாடியும் கொண்டு எழுந்த பெரும் வெளிகள். செடிகளுக்காகக் கண்டுபிடித்த அந்தத் தொழில்நுட்பத்தை ஒடுங்கிய நகர வீட்டின் வயிற்றுக்குள் கொண்டுபோனதுதான் ஹோர்ட்டா செய்த காரியம். தாசெல் வீட்டின் அகலம் எட்டு மீட்டருக்கும் கீழே. ஹோர்ட்டா அந்த வீட்டை இரண்டாகப் பிரித்தார். தெருவைப் பார்த்து ஒரு கட்டு, தோட்டத்தைப் பார்த்து ஒரு கட்டு. இரண்டும் வழக்கமான செங்கல், கல் வேலை. இரண்டுக்கும் நடுவே, பழைய வீட்டில் இருட்டறை இருந்த இடத்தில், இரும்புச் சட்டத்தில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு நடுக்கட்டு. படிக்கட்டை ஓரத்திலிருந்து பிடுங்கி அங்கே வைத்தார். பக்கத்தில் செடிகள் வளர்க்க ஒரு குளிர்காலத் தோட்டத்தையும் வைத்தார். முன்கட்டின் தளங்களும் பின்கட்டின் தளங்களும் ஒரே உயரத்தில் இல்லை. அரை மாடி ஏற்றத்தாழ்வில் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கின்றன. வீட்டின் மிக இருண்ட இடம் ஒரே வீச்சில் மிக வெளிச்சமான இடமாயிற்று. அங்கிருந்து முன்னும் பின்னும் மேலும் கீழும் வெளிச்சம் பரவத் தொடங்கியது.

ஹோர்ட்டாவின் பாணியான ஆர்ட் நூவோ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கொடிபோல் சுழலும் கோடுகள். தாசெல் வீட்டுப் படிக்கட்டின் படம் உலகத்துக் கலை வரலாற்றுப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது: மெல்லிய இரும்புத் தூண் ஒன்று உச்சியில் கிளைபிரிந்து தளிர்க் கைகளை நீட்டுகிறது, அதே வளைவு கைப்பிடிக் கம்பியில் ஓடுகிறது, சுவரில் தீட்டிய ஓவியத்தில் ஏறுகிறது, தரையின் மொசைக்கில் இறங்கிப் படர்கிறது. இதை வெறும் அலங்காரமாகப் பார்ப்பது பெரிய தவறு என்று நினைக்கிறேன். முன்பு அந்த இடத்தில் கனத்த சுவர் நின்றிருக்கும். பாரத்தை இரும்பு தாங்கியதால் சுவர் போனது. சுவர் போனதால் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே கண்ணுக்கு எல்லை இல்லாமல் ஆனது. எல்லை இல்லாத அந்த வெளியைத் தரை, சுவர், தூண், கம்பி எல்லாவற்றிலும் தொடரும் ஒரே கோடு இழுத்துக் கட்டுகிறது. அந்தக் கோடு இல்லாவிட்டால் அங்கே இருப்பது கூடமா, நடையா, படிக்கட்டா என்று தெரியாத குழப்பம்தான் மிஞ்சும். அதாவது, அங்கே அழகு செய்யும் வேலையும் கட்டுமானம் செய்யும் வேலையும் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. தூணை மட்டும் கழற்றி அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் அது நல்ல இரும்பு வேலை, அவ்வளவே. அது எதற்காக மெலிந்தது, எதை நோக்கி வளைந்தது என்பதைச் சொல்ல அந்த வெளி வேண்டும்.

இப்போது அதே வீட்டைத் தெருவில் நின்று பாருங்கள். நடுவில் மெல்லப் புடைத்து வரும் கல் முகப்பு. அதில் இரும்பு உத்தரமும் இரும்புச் சன்னல் கம்பங்களும் மறைக்கப்படாமல் தெரிகின்றன. தறையாணித் தலைகள்கூட அப்படியே விடப்பட்டிருக்கின்றன. பணக்காரர் வீட்டு முகப்பில் இரும்பை வெளிப்படையாகக் காட்டியது அந்தக் காலத்துக்குத் துணிச்சல்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கமாக நடந்துபோகும் ஒருவர், இரு பக்கத்து வீடுகளோடு பணிவாகச் சேர்ந்து நிற்கும் அந்த முகப்பைப் பார்த்து, உள்ளே நடு அறை ஒழிந்து அங்கே வானம் இறங்கியிருக்கிறது என்று ஊகிக்கவே முடியாது. ஐரோப்பியக் கட்டடக் கலையைத் திசைதிருப்பிய வீடு என்று வரலாற்றாசிரியர்கள் அதைச் சொல்லும்போது, அவர்கள் குறிப்பிடும் விஷயத்தில் மிகச் சிறிய பங்குதான் தெருவுக்குத் தெரிகிறது. முகப்பை மட்டும் காக்கும் சட்டம் இந்த வீட்டின் மேல் விழுந்திருந்தால், வீட்டை வீடாக்கிய பகுதி முழுவதும் சட்டப்படியே அழிந்திருக்கும்.

இது கற்பனையான பயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஓபெக் வீட்டுக்கு நடந்ததைப் பார்த்தால் போதும். 1899-க்கும் 1902-க்கும் இடையில் ஹோர்ட்டா கட்டிய அந்த வீடு, அவருடைய நகர வீடுகளிலேயே முதிர்ந்ததாகப் பலர் கருதியது. 1950-இல் அதை இடித்தார்கள். ஹோர்ட்டாவிடம் வேலை செய்தவரான ழான் டெலே மன்றாடியதால் முகப்பின் கற்களை மட்டும் கழற்றி வைக்க அரசு ஒப்புக்கொண்டது. அதன்பிறகு அந்தக் கற்கள் பல பத்தாண்டுகள் கிடங்கு மாறிக் கிடங்காகக் கிடந்தன. 2011-இல் ஒரு கொட்டகையில் அவற்றை அடுக்கி மக்களுக்குக் காட்டினார்கள். அறைகலன்களும் மரவேலைகளும் பல கைகளுக்குப் போயின. ஆக, ஒரு வீட்டின் முகப்பு மட்டும் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு முழுமையான விடை இங்கே இருக்கிறது. கற்கள் எல்லாம் அசல். ஒவ்வொன்றிலும் ஹோர்ட்டாவின் வளைவு இருக்கிறது. அந்த முகப்புக்குப் பின்னால் வைக்க எதுவும் இல்லாததால் அதை எங்கே நிறுத்துவது, எதற்காக நிறுத்துவது என்று யாராலும் முடிவு சொல்ல முடியவில்லை. ஓபெக் வீட்டின் கதை எனக்குத் தரும் வருத்தம் இடிப்போடு நிற்பதில்லை. நல்ல மனத்தோடு செய்த அந்த மீட்பு வேலை, மீட்கத் தவறியதை எவ்வளவு அப்பட்டமாகக் காட்டிவிட்டது என்பதும் சேர்ந்தே வருத்துகிறது.

மக்கள் இல்லத்தின் கதை இதைவிடப் பெரியது. பெல்ஜியத் தொழிலாளர் கட்சிக்காக ஹோர்ட்டா 1890-களின் பிற்பாதியில் எழுப்பியது, 1899-இல் திறக்கப்பட்டது. கீழே தொழிலாளர்கள் கூடும் காபிக்கடை, மேல்மாடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கம், இடையில் அலுவலகங்கள். மாளிகைகளில் மட்டும் கிடைத்துவந்த வெளிச்சமும் காற்றும் இங்கே உழைப்பாளிகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். உலகெங்கும் இருந்து நூற்றுக்கணக்கான கட்டடக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் 1965-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் அலுவலகக் கோபுரம் ஒன்று எழுந்தது. வேறிடத்தில் திரும்பக் கட்டுவோம் என்று சொல்லி இரும்புப் பாகங்களை எண்ணிட்டுக் கழற்றி வைத்தார்கள். திரும்பக் கட்டவே இல்லை. துருவேறியதும் தொலைந்ததும் போக மிஞ்சிய துண்டுகள் சில, ஆண்ட்வெர்ப்பில் ஒரு காபிக்கடையிலும் பிரஸ்ஸல்ஸில் ஹோர்ட்டாவின் பெயர்தாங்கிய நிலத்தடி டிராம் நிலையத்திலும் இருக்கின்றன. இது குடியிருப்பு வீடு அல்ல என்பது சரி. ஆனாலும் பாகங்களைக் காத்தால் கட்டடத்தைக் காத்ததாகும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு கிடைக்காது. நம்மூரிலும் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து, தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்கிறார்கள். தூண் விடுதிக்கோ உணவகத்துக்கோ போய் நன்றாகவே நிற்கிறது. அது தாங்கிக்கொண்டிருந்த வளவு எங்கே?

சரி, படம் பிடித்து வைக்கலாம், வரைபடம் எடுத்து வைக்கலாம், அது போதாதா என்று ஒரு கேள்வி வரும். ஹோர்ட்டா விஷயத்தில் அதற்கும் கதவு அடைபட்டிருக்கிறது. 1945-இல், வாழ்க்கையின் கடைசிக் காலத்தில், தம்முடைய வரைபடங்களிலும் கோப்புகளிலும் பெரும்பகுதியை அவரே அழித்துவிட்டார். இரண்டு ஆண்டுகளில் இறந்தும் போனார். ஆகவே அவர் எப்படிச் சிந்தித்தார் என்பதற்கு மிஞ்சிய முதன்மைச் சான்று அந்த வீடுகளின் உட்புறங்கள்தாம். ஒரு கதவுப் பிடி ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது, ஒரு படி ஏன் அங்கே திரும்புகிறது, ஒரு கண்ணாடி ஏன் அந்தச் சுவரில் பதிக்கப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல வேறு எதுவும் இல்லை. வரைபடங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தாலும்கூட இதில் பாதி பதில்தான் கிடைக்கும். வெளிச்சம் நகர்வதைத் தாளில் பிடித்து வைக்க முடியாது.

அவர் தமக்காகவே கட்டிக்கொண்ட வீடு இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம். சான் ழீல் பகுதியில், அமெரிக்கத் தெருவில், 1898-இலிருந்து 1901 வரை கட்டியது. வீடும் அதை ஒட்டிய வேலைக்கூடமும் இரண்டு தனி முகப்புகளோடு நிற்கின்றன. உள்ளே ஒன்றுக்கொன்று வழி உண்டு. நடுவில் படிக்கட்டு, மேலே மஞ்சளும் வெள்ளையுமான கண்ணாடிக் கூரை. கூரைக்குக் கீழே இரண்டு பக்கச் சுவர்களிலும் எதிரெதிராக நிலைக்கண்ணாடிகள். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அவை திரும்பத் திரும்ப எறிந்து பெருக்குகின்றன. சாப்பாட்டு அறைச் சுவர்களில் மெருகேற்றிய வெள்ளைச் செங்கல். குளியலறைகளிலும் கடைகளிலும் பதிக்கிற சரக்கு அது. அதைக் கொண்டுவந்து விருந்தினரை உட்கார வைக்கும் அறையில் பதித்தார். அது ஏன் என்று அந்த அறைக்குள் போனால் உடனே புரியும்: தோட்டத்துப் பக்கச் சன்னலிலிருந்து வருகிற ஒளியை அந்த மெருகு பிடித்து, பின்னால் தள்ளிக் கொடுக்கிறது. பளிங்கு, மரம், பித்தளை, செங்கல் என்று பொருள்களை விலைப்படி அடுக்காமல் அவை வெளிச்சத்தை என்ன செய்யும் என்று பார்த்து அடுக்கியிருக்கிறார். இந்த முடிவுகளில் ஒன்றையாவது தெருவில் நின்று படிக்க முடியுமா? 1919-இல் ஹோர்ட்டா அந்த வீட்டை விற்றுவிட்டார். 1961-இல் சான் ழீல் நகராட்சி வாங்கியது, 1963-இல் பாதுகாப்பு ஆணை வந்தது, 1969-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. இங்கேயும் பின்னால் இருந்து உழைத்தவர் அதே ழான் டெலேதான். அந்த மனிதர் இல்லாவிட்டால் இந்தப் பதிவில் பேச வீடுகளே மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவதும் நியாயமானதும் இது: முகப்பு தெருவுக்குச் சொந்தம், உட்புறம் குடியிருப்பவருக்குச் சொந்தம், படுக்கையறை வரைக்கும் அரசு வந்து இதைத் தொடாதே, அதை மாற்றாதே என்று சொல்வது அத்துமீறல் இல்லையா? இதற்கு நான் சொல்லும் பதில், உட்புறத்தைக் காப்பது என்றால் உள்ளே உள்ள எல்லாவற்றையும் காப்பது என்று பொருள் இல்லை. குளியலறைக் குழாயையும் சமையலறை அடுப்பையும் நூறு வருடத்துக்கு அப்படியே வைத்திருக்கச் சொன்னால் அங்கே யாரும் வாழ மாட்டார்கள். வாழ ஆளில்லாத வீடு சீக்கிரம் விழும். காக்க வேண்டியது அந்த வீட்டின் எலும்புக்கூடும் வெளிச்சத்தின் பாதையும்: எந்தச் சுவர் இல்லாமல் விடப்பட்டது, எந்தத் தளம் எந்த உயரத்தில் நிற்கிறது, படிக்கட்டு எங்கே, கூரைக் கண்ணாடி எங்கே, அவற்றோடு பிரிக்க முடியாமல் செய்த தரையும் கம்பியும் மரவேலையும். சோல்வே வீடு இதற்கு நல்ல உதாரணம். ரசாயனத் தொழிலதிபர் எர்னஸ்ட் சோல்வேயின் மகன் அர்மானுக்காக ஹோர்ட்டா கட்டிய மாளிகை அது. கம்பளம் முதல் விளக்கு வரை, அழைப்புமணி வரைக்கும் ஹோர்ட்டாவே வரைந்தது. 1950-களில் அதற்கும் இடிக்கப்படும் ஆபத்து இருந்தது. 1957-இல் வாங்கிய குடும்பம் அங்கே உடை அலங்கார நிறுவனம் நடத்திக்கொண்டே வீட்டைக் காத்தது. 1977-இல்தான் சட்டப் பாதுகாப்பு வந்தது. தொழில் நடந்தது, ஆட்கள் வந்துபோனார்கள், வீட்டின் உள்ளமைப்பும் பிழைத்தது. உரிமைக்கும் பாதுகாப்புக்கும் ஒத்துப்போகாது என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் செலவு உண்டு; அந்தச் செலவில் ஒரு பங்கைப் பொதுப்பணம் ஏற்காமல் கட்டுப்பாட்டை மட்டும் உரிமையாளர் தலையில் ஏற்றுவது அநியாயம் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. மீட்டெடுத்த உட்புறம் அசல்தானா? தாசெல் வீடு 20-ஆம் நூற்றாண்டில் சிறு குடியிருப்புகளாகத் துண்டாடப்பட்டிருந்தது. 1976-இல் அதை வாங்கிய டெலே, 1980-களில் அலுவலகமாகப் பயன்படும்படி மீட்டார். இன்று படங்களில் நாம் வியக்கும் சுவரோவியத்திலும் அலங்காரத்திலும் மீட்பாளர்களின் கை கணிசமாக இருக்கிறது. அப்படியிருக்க, கல்லாவது அசலாக நிற்கும் முகப்பே மேல் அல்லவா என்று கேட்கிறார்கள். ஓபெக் வீட்டின் கற்கள் நூற்றுக்கு நூறு அசல் என்பதை மட்டும் இங்கே நினைவுபடுத்துகிறேன். தாசெல் வீட்டில் வண்ணம் புதிதாக இருக்கலாம். வெளிச்சம் விழும் முறை 1893-இல் ஹோர்ட்டா யோசித்த முறை. எட்டு மீட்டருக்குள் அவர் அவிழ்த்த முடிச்சை இன்றும் ஒருவர் நடந்து பார்த்துச் சரிபார்க்கலாம். அதற்கு மேல் ஒரு பேச்சு: மீட்க முடிந்ததே அமைப்பு பிழைத்திருந்ததால்தான். தடுப்புச் சுவர்களை எடுத்தால் பழைய வெளி அங்கேயே இருந்தது. உட்புறத்தை வெட்டியெடுத்துவிட்டு முகப்பை நிறுத்தியிருந்தால் மீட்பாளருக்கு மீட்க எதுவும் இருந்திருக்காது.

முகப்பு பலருக்கு, உட்புறம் சிலருக்கு, எனவே பொது அக்கறை முகப்போடு நின்றால் போதும் என்பது இன்னொரு வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த அளவு ஊருக்கு ஊர் மாறும். புதுச்சேரித் தமிழர் பகுதியின் வைசியாள் தெருவில் வரிசையாக வீட்டு முகப்புகளைப் புதுப்பித்தபோது, கூடவே திரும்பி வந்தவை தெருவைப் பார்த்த திண்ணையும் அதற்கு முன் இறங்கும் தாழ்வாரமும். அங்கே முகப்பு என்பது உட்காரவும் ஒதுங்கவும் இடம் தரும் ஒரு பகுதி. அதைக் காத்தால் தெருவாசிகளின் ஒரு பழக்கமும் சேர்ந்து காக்கப்படுகிறது. பிரஸ்ஸல்ஸ் வீட்டு முகப்போ ஒரு சுவர். அதற்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அது பார்வைப் பொருள் மட்டுமே. அதனால் முகப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக்கூட உள்ளேயும் வெளியேயும் வீடு எப்படி இயங்குகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். எண்ணிக்கை வாதம் இன்னொரு வகையிலும் தடுமாறுகிறது. ஒரு நூலகத்துச் சுவடியைப் படிப்பவர்கள் சிலரே என்பதால் அட்டையை மட்டும் காப்போம் என்று யாரும் சொல்வதில்லை.

கடைசி மறுப்புதான் மிகக் கனமானது. அதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள நான்கு வீடுகளில் ஒன்று எட்மண்ட் வான் ஏட்வெல்டேவுக்காக 1895-இல் தொடங்கியது. அவர் கொங்கோ சுதந்திர நாட்டின் நிர்வாகத்தைப் பிரஸ்ஸல்ஸிலிருந்து நடத்திய உயர் அதிகாரி. 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்த உடைமையாக இருந்த அந்த நாட்டில் ரப்பருக்காக மக்கள் அடிக்கப்பட்டார்கள், கைகள் வெட்டப்பட்டன, ஊர்கள் அழிந்தன. அந்தப் பணம் ஓடிய கைகளில் ஒன்று இந்த வீட்டைக் கட்டியது. கண்ணாடிக் குவிமாடத்தின் கீழே எண்கோணத்தில் அமைந்த அதன் நடுக்கூடம் ஹோர்ட்டாவின் உள்வெளிகளிலேயே மிக நேர்த்தியானது. இப்படிப்பட்ட வீட்டைப் போற்றிக் காக்கலாமா? போற்றுவதையும் காப்பதையும் பிரித்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து. வீட்டின் முகப்பு இந்தக் கதையில் எதையும் சொல்வதில்லை. உள்ளே போனால், கொங்கோவிலிருந்து வந்த மரங்களை இழைத்துப் பதித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் காட்டின் விளைச்சல் ஐரோப்பிய வரவேற்பறையின் அழகாக எப்படி மாறியது என்பதற்கு அந்த மரவேலையே கைதொட்டுக் காட்டக்கூடிய சான்று. ஆர்ட் நூவோவின் வளைவுகளுக்கும் கொங்கோவுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வாளர்கள் இப்போது விரிவாக எழுதுகிறார்கள். அந்த வாதத்தில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று முடிவு செய்ய அந்த அறைகள் நிற்க வேண்டும். உட்புறத்தை அழித்துவிட்டு முகப்பை வைத்துக்கொண்டால் அழகிய தெருவும் குற்றம் மறந்த ஊரும் மிஞ்சும். காப்பவர்களுக்கு இதனால் ஒரு கடமையும் சேர்கிறது: அந்த மரம் எங்கிருந்து, எப்படி வந்தது என்பதை, மொசைக்கின் அழகைச் சொல்லும் அதே குரலில், அதே அறையில் வைத்துச் சொல்லியாக வேண்டும்.

பிரஸ்ஸல்ஸில் இன்றும் பாதுகாப்பு ஆணைகள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. சில வீடுகளுக்குக் கட்டடம் முழுவதும். பல வீடுகளுக்கு முகப்பும் கூரையும் மட்டும். ஹோர்ட்டாவின் பெயர் இருக்கிற வீட்டுக்குப் பெரும்பாலும் முழுப் பாதுகாப்பு கிடைக்கிறது. அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பெயர் வெளியே தெரியாமல், நடு அறைக்கு வெளிச்சம் கொண்டுவந்த மேஸ்திரி கட்டிய வீட்டுக்குத் தெருப்பக்கச் சுவர் மட்டும்தான். என் கவலை இந்த இரண்டாவது வகை வீடுகளைப் பற்றியது, ஏனென்றால் எந்த நகரத்திலும் எண்ணிக்கையில் அவைதான் அதிகம். ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்க்க மனு வரும்போது அதிகாரிகள் முதலில் கேட்க வேண்டியது முகப்பின் புகைப்படத்தை அல்ல. கூரை முதல் தரை வரை வீட்டை நெடுக வெட்டிக் காட்டும் வரைபடம் ஒன்று, தளங்களின் உயரங்களைக் குறித்து. கூரைத் திறப்பும் படிக்கட்டும் எந்த அறைக்கு எவ்வளவு வெளிச்சம் தருகின்றன என்ற குறிப்பு. இடையில் எழுந்த தடுப்புகளில் எவை கழற்றக்கூடியவை என்ற பட்டியல். குடியிருப்பவர் எதையெல்லாம் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற இன்னொரு பட்டியல். இந்த நான்கும் கோப்பில் இருந்தால், முகப்பைப் பற்றிய பக்கத்தை எழுதுவது ஒரு மாலை வேலை.